மிதிச்சுட்டேன், விட்டுட்டேன்

தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வாரத்தில் ஆறு நாள் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போட்டு அடுக்குகிற மனிதர். ஏழாவது நாள் பழைய பனியனை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. யாருடைய வண்டியாவது வந்து நிற்கும். பானெட்டைத் திறக்கச் சொல்வார், இன்ஜினை ஓடவிடச் சொல்வார், கண்ணை மூடிக்கொண்டு காதைச் சாய்ப்பார். "ம்... ஃபேன் பெல்ட். இல்லன்னா வாட்டர் பம்ப். ரெண்டும் இல்லன்னா உள்ள பேரிங் ஏதாவது." மூன்றில் ஒன்று எப்படியும் சரியாகத்தான் இருக்கும். தெரு அந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

டாக்டர் இருந்தால் கம்பவுண்டர் வேண்டும். அது அவர் மனைவி.

பத்தொன்பது வருடமாக அவளுக்கு இதுதான் ஞாயிற்றுக்கிழமை. ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது, டார்ச் பிடிப்பது, ஜாக்கியின் கீழே பலகை நகராமல் பார்த்துக்கொள்வது, எண்ணெய்த் துணியைத் துவைத்துக் காயப்போடுவது. வண்டி சரியானால் டாக்டரின் கைராசி. சரியாகவில்லை என்றால் இவள் டார்ச்சைக் கோணலாகப் பிடித்தாள். கழற்றிய போல்ட்டுகளில் ஒன்று மிஞ்சிப் போனால், இவள் எங்கிருந்தோ ஒன்றை அதிகமாகக் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். அந்த மனிதர் இதைச் சிரிக்காமல் சொல்வார். கேட்பவர்களும் சிரிக்காமல் தலையாட்டுவார்கள். எனக்கு எரிச்சல் அவர் மேல் பாதிதான், மீதி அந்தத் தலைகள் மேல்.

அவளுக்கென்றே ஒதுக்கப்பட்ட வேலை பிரேக்கில் காற்று எடுப்பது. பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு ஒரு சின்னத் திருகைத் திறந்து, குமிழி குமிழியாக எண்ணெயும் காற்றும் வெளியே வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் மிதித்த காலை எடுக்கலாம். அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வரும்.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை அப்படி எடுத்துவிட்டாள். கால் மரத்துப்போய், "இன்னும் எவ்வளவு நேரங்க?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துவிட்டாள். மறுபடி நாலு சக்கரமும் முதலிலிருந்து. அன்றைக்கு டாக்டர் எண்ணெய் வழியும் கையோடு எழுந்து வந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க, அவள் முகத்துக்கு நேராக இரண்டு விரலை நீட்டினார்.

"ரெண்டே வார்த்தை. நான் மிதின்னா மிதிச்சுட்டேன். விடுன்னா விட்டுட்டேன். மூணாவது வார்த்தை உன் வாயில இருந்து வரக்கூடாது."

வரவில்லை. பத்தொன்பது வருடமாக வரவில்லை. பிறகு அந்தச் சட்டம் வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில் அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அவர் பேச்சை நிறுத்தாமலே இரண்டு விரலை உயர்த்துவார். அவள் நிறுத்திக்கொள்வாள். புதிதாக வந்தவர்கள் அதை ஏதோ புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள்.

வாய்க்குப் பூட்டுப் போட்டவர் காலுக்குப் போடவில்லை. எத்தனை வண்டிப் பெடலை மிதித்திருப்பாள்! எந்த வண்டியில் காற்று இருக்கிறது, எதில் இல்லை, எதில் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்பதெல்லாம் அவள் பாதத்துக்குத் தெரியும். பெயர் தெரியாது, விஷயம் தெரியும். அதைச் சொல்லவும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். நேராகச் சொன்னால் வேலைக்காகாது. அவருடைய கையோ காலோ அதில் படும்படி செய்துவிட வேண்டும். ஒரு தடவை எதிர்வீட்டுத் தையல்காரரின் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் டக் டக் என்று அடித்தது. டாக்டர் ஸ்டார்ட்டர் மோட்டாரையே கழற்றிப் போட்டார். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்ததை இவள் முதலிலேயே பார்த்துவிட்டாள். சொல்லவில்லை. துணியைப் பேட்டரி மேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். துணியை எடுக்கப் போனவர் அந்தப் பொடியைப் பார்த்துவிட்டார். "ஆஹா! நான் அப்பவே நினைச்சேன்" என்றார். சுரண்டிவிட்டதும் வண்டி கிளம்பியது. தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டது யாரை என்று கேட்க வேண்டுமா?

இப்படித்தான் காலம் போய்க்கொண்டிருந்தது. அவள் தம்பி ஒரு பழைய கார் வாங்கிக்கொண்டு வரும்வரை.

தம்பி என்றால் வெறும் தம்பி இல்லை. அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது பிறந்தவன். அம்மா படுத்த படுக்கை. இடுப்பில் தூக்கி வளர்த்ததெல்லாம் இவள்தான். அவன் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் மாமனார் வீட்டு மாடியில், மாமனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டவன். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில், அதிகாலை வேலைக்கு வரும் நர்ஸுகளை வீடு வீடாகப் போய் ஏற்றிவந்து இறக்குகிற ஒப்பந்தம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை முதல் நாள். வண்டியில் எல்லாம் சரி, பிரேக் மட்டும் கொஞ்சம் சொதசொதவென்று இருக்கிறது.

"மெக்கானிக்கிட்ட காட்டிடேன்டா" என்றாள் போனில்.

"மாமா இருக்கும்போது மெக்கானிக் எதுக்குக்கா? அவருக்குக் கோவம் வந்துடும்."

அது உண்மைதான். தெருமுனையில் ஒரு மெக்கானிக் கடை இருந்தது. டாக்டர் அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவன் பகல்கொள்ளைக்காரன் என்பது அவர் கட்சி. அந்த மெக்கானிக்கோ இவரைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. அதுதான் இவருக்கு இன்னும் கடுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தம்பி வந்துவிட்டான். சலவை செய்த சட்டை, முகத்தில் இரண்டு வருடமாக இல்லாத சிரிப்பு. அதைப் பார்த்ததுமே அவளுக்கு வயிறு குளிர்ந்தது. டாக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். உட்கார்ந்து பெடலை இரண்டு தடவை படபடவென்று மிதித்தார். "ஏர். சந்தேகமே இல்ல, ஏர்தான். ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம் மாப்ள." எதிர்வீட்டுத் தையல்காரரும் மருந்துக்கடைக்காரரும் வழக்கம்போல வந்து மதில் மேல் கையூன்றி நின்றுகொண்டார்கள். அவர்களுக்கு இது சினிமாவைவிட நல்ல பொழுதுபோக்கு.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தாள்.

"மிதி!"

"மிதிச்சுட்டேன்."

"விடு!"

"விட்டுட்டேன்."

பின் சக்கரம் இரண்டு, பிறகு முன் சக்கரம். கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்ட குழாயில் ஆரம்பத்தில் நாலைந்து குமிழி வந்தது. பிறகு சுத்தமான எண்ணெய். நாலாவது சக்கரத்தில் டாக்டர் திருகை இறுக்கி மூடிவிட்டு, ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே தையல்காரரிடம் ஏதோ கதை அளக்க ஆரம்பித்தார். 'விடு' என்று சொல்ல மறந்துவிட்டார். அவள் மிதித்தபடியே இருந்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. எல்லாத் திருகும் மூடியிருக்கிறது. எண்ணெய் போக வழியில்லை. ஆனால் அவள் பாதத்தின் கீழே பெடல் இறங்கியது. மெதுவாக. அவள் கூடுதலாக அழுத்தவில்லை. அதுவாகவே போனது, தரைவரை.

விட்டுவிட்டு நாலு தடவை வேகமாக மிதித்துப் பார்த்தாள். இறுகி நின்றது. சரி என்று அப்படியே அழுத்திப் பிடித்தாள். முப்பது எண்ணுவதற்குள் மறுபடி தரை. கீழே எங்காவது எண்ணெய் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. அப்படியானால் இது காற்று இல்லை. உள்ளே எங்கோ ஏதோ ஒன்று பிடிமானம் விட்டுப்போயிருக்கிறது.

"இறங்குதுங்க" என்றாள்.

டாக்டர் கதையை நிறுத்தாமல் இரண்டு விரலை உயர்த்தினார்.

இதுவரைக்கும் எந்த வண்டியாக இருந்தாலும் அவள் அதோடு விட்டிருப்பாள். இது தம்பி ஓட்டப்போகிற வண்டி. நாளைக் காலையில் நாலு நர்ஸுகளை வைத்துக்கொண்டு ஓட்டப்போகிற வண்டி. அவள் இறங்கி வீட்டுக்குள் போய், தம்பிக்குத் தேநீர் போடுகிற சாக்கில் அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"டேய், பெடல் நிக்க மாட்டேங்குது. வேகமா மிதிச்சா கல்லு மாதிரி இருக்கு, பிடிச்சுக்கிட்டே இருந்தா கீழ போயிடுது. இது காத்து இல்லடா. இங்கேருந்து நேரா முனைக்கடை மெக்கானிக்கிட்ட தள்ளிக்கிட்டாவது போ. மாமாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத."

"சரிக்கா" என்றான். டம்ளரை வாங்கிக்கொண்டான். வெளியே போனான்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் வாசலில் அவன் குரல் கேட்டது. "மாமா, அக்கா என்னமோ சொல்றா. இது காத்து இல்லையாம், மெக்கானிக்கிட்ட போகணுமாம்."

கெட்ட எண்ணத்தில் சொன்னானா என்றால் இல்லை. அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், வாயில் எதுவும் தங்காது. ஆனால் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால்கூட இதைவிடக் கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

டாக்டர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டால் சமாளித்துவிடலாம். இப்போது சிரித்தார். அதுதான் அவளுக்கு எப்போதும் பயம்.

"வாங்கம்மா, வாங்க இன்ஜினியர் அம்மா. இப்படி முன்னால வந்து நில்லுங்க. எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பாடம் எடுங்க. பிரேக் எப்படி வேலை செய்யுது?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"பரவால்ல, சொல்லு. இப்ப மட்டும் எத்தனை வார்த்தை வேணாலும் பேசலாம்."

"பெடல் இறங்குதுங்க."

"எந்த ஊர்ல பெடல் ஏறும்? மிதிச்சா இறங்கத்தான் செய்யும். சரி, இறங்கினா அந்த அழுத்தம் எங்க போகுது? எந்தச் சாமானுக்குள்ள? பேர் சொல்லு."

பெயர்தானே அவளுக்குத் தெரியாது. "உள்ள... ஏதோ ஒண்ணு விட்டுப்போயிருக்கு" என்றாள்.

"உள்ள ஏதோ ஒண்ணு!" என்று அதே குரலில் திருப்பிச் சொல்லிக் காட்டினார். மருந்துக்கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். தையல்காரர் அந்தச் சிரமமும் எடுக்கவில்லை, நேராகவே சிரித்தார். அவர் சிரித்துவிட்டுப் போகட்டும். தம்பியும் சிரித்தான். சிரித்ததோடு நிற்கவில்லை.

"அக்காவுக்கு தையல் மெஷின் பெடல்தான் மாமா தெரியும். அதைத்தான் இதோட போட்டுக் குழப்பிக்கிறா."

எல்லோரும் ஒருமுறை குலுங்கினார்கள். அவன் தன் நகைச்சுவை எடுபட்டுவிட்டது என்ற பெருமையில் அவளையே பார்த்துச் சிரித்தான், அவளும் சிரிப்பாள் என்ற எதிர்பார்ப்பில். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஊட்டிவிட்ட வாய் அது.

"போய் உக்காரு" என்றார் டாக்டர். "எல்லார் முன்னாலயும் மிதிச்சுக் காட்டு. மிதிச்சுட்டு எப்படி இருக்குன்னு நீயே சொல்லு. அப்புறம் நான் உன்னை அடக்கி வைக்கிறேன்னு ஊர்ல பேசக்கூடாது."

அவள் உட்கார்ந்தாள். நாலு தடவை மிதித்தாள். இறுகியது. டாக்டர் ஜன்னலுக்குள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மதில் மேல் இரண்டு முகம். அதற்குப் பக்கத்தில் தம்பி முகம். இன்னும் இருபது எண்ணினால் இறங்கும். இருபது எண்ணும்வரை இவர்கள் பொறுப்பார்களா? இறங்கினாலும் 'நீ அழுத்துற, அதான் இறங்குது' என்பார்.

அந்த நேரத்தில் அவள் ஒரு கணக்குப் போட்டாள். பத்தொன்பது வருடப் பழக்கத்தில் போட்ட கணக்கு. எந்த வண்டியைச் சரிசெய்தாலும் முதல் சுற்று டாக்டர்தான் ஓட்டுவார். கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே நீட்டி, ஆமை வேகத்தில் தெருமுனை வரை போய்த் திரும்புவார். அந்த ஒரு சுற்றுக்காகத்தான் அந்த மனிதர் வாரம் முழுக்க உயிரோடிருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம். வாசலைத் தாண்டியதும் ஒருமுறை நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் ஏதாவது பெருமை பேசிவிட்டுத்தான் கிளம்புவார். அப்போது அவர் காலுக்குக் கீழேயே இறங்கும். மதில் மேல் இருப்பவர்கள் முன்னால் இறங்கட்டும். அந்த மூஞ்சி எப்படி மாறுகிறது என்று நானும் பார்க்கிறேன். ஆமாம், அதையும் நினைத்தாள். அவளொன்றும் பளிங்குச் சிலை இல்லை.

"சொல்லு. எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு" என்றாள்.

"கேட்டியா மாப்ள? கல்லு மாதிரி இருக்காம். உங்க அக்கா வாயாலயே சொல்லிட்டா." டாக்டர் கையைத் தட்டிக்கொண்டார். ஜெயித்த சந்தோஷத்தில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வள்ளலாகிவிட்டார். சாவியை எடுத்துத் தம்பியிடம் வீசினார். "உன் வண்டி. முதல் ரவுண்டு நீயே ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து வரேன்."

பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவை செய்யாததை அன்றைக்குச் செய்தார்.

அவள் பதறி இறங்கினாள். "நீங்க ஓட்டுங்க. முதல்ல நீங்கதானே ஓட்டுவீங்க? நீங்களே ஓட்டுங்க."

இரண்டு விரல் உயர்ந்தது.

"டேய், நீ இறங்கு. வேண்டாம்டா. அது நிக்காது."

"இப்பதானேக்கா கல்லு மாதிரின்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்டா!"

மதில் பக்கம் மறுபடி ஒரு சிரிப்பலை. டாக்டர் தலையிலடித்துக்கொண்டார். "தோத்துட்டா ஒத்துக்க மாட்டா. இது இன்னைக்கு நேத்து உள்ள குணமா? நீ எடு மாப்ள." அவள் வண்டிக்கு முன்னால் போய் பானெட் மேல் இரண்டு கையையும் வைத்து நின்றாள். தம்பி ஹார்ன் அடித்தான். முதலில் விளையாட்டாக. பிறகு இரண்டாவது தடவை நீளமாக. கண்ணாடிக்குள் அவன் முகம் சுருங்கியது. மாமனார் வீட்டு மாடியில் இரண்டு வருடம் பட்ட அவமானமெல்லாம் அவளால்தான் என்பது போல ஒரு பார்வை.

"அக்கா, மானத்தை வாங்காத. வழி விடு."

அவள் வழி விட்டாள். அதை நினைத்துத்தான் அவள் இன்றுவரை தன்னைத் தானே திட்டிக்கொள்கிறாள். மற்றதை எல்லாம் யார் யார் மீதோ போடலாம். அந்த ஓரடி ஒதுங்கியது அவள் கால்.

தெரு கீழ்நோக்கிச் சரிந்து, முனையில் பெரிய சாலையைத் தொடும். அங்கே ஒரு சிக்னல். அவள் வெறுங்காலோடு பின்னால் ஓடினாள். வண்டி சிவப்பு விளக்குக்கு ஒழுங்காக நின்றது. கோடு தாண்டாமல் நின்றது. அவளுக்கு அப்பாடா என்று உயிர் வந்தது. நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ, நம் கால்தான் பொய் சொல்லிவிட்டதோ என்று ஒரு கணம் அத்தனை சந்தோஷப்பட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் முட்டாளாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

பிறகு வண்டி நகர்ந்தது. பின்னாலிருந்து யாரோ விரலால் தள்ளுவது போல, நிதானமாக. இப்போது பெடல் பாதி, இப்போது முக்கால், இப்போது தரை. அங்கிருந்தே அவளுக்குத் தெரிந்தது. கோட்டைத் தாண்டியது. குறுக்குச் சாலையில் செங்கல் ஏற்றிய லாரி ஒன்று தன் பச்சை விளக்குக்குத் தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

தம்பி பிறகு போலீஸில் சொன்னது இது: "மாமா மிதி மிதின்னு கத்துறாரு. நான் மிதிச்சுட்டேன் மிதிச்சுட்டேன்னு கத்துறேன்." ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருப்பது டாக்டருக்கும் ஞாபகம் வரவில்லை, அவருடைய சீடனுக்கும் ஞாபகம் வரவில்லை.

லாரி இடித்தது டாக்டர் உட்கார்ந்திருந்த பக்கம். உயிர் பிழைத்தார். ஒரு காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் இடுப்பு எலும்பு நொறுங்கி, இனி அந்தக் கால் ஒப்புக்குத்தான். தம்பிக்கு இரண்டு விலா எலும்பில் விரிசல், அவ்வளவுதான்.

நாலாம் நாள் வண்டியிலிருந்த சாமான்களை எடுக்க அவளும் தம்பியும் முனைக்கடைக்குப் போனார்கள். நசுங்கிய வண்டியை அங்கேதான் இழுத்து விட்டிருந்தார்கள். இருக்கைக்கு அடியில் டாக்டரின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அவள் அதை எடுத்துப் பையில் போட்டாள். இனி ஒற்றைக்குத்தான் வேலை, அதுவும் எந்தக் கால் என்று பார்க்க வேண்டும்.

மெக்கானிக் உடைந்த கதவு வழியாகக் காலை உள்ளே விட்டுப் பெடலை மிதித்தார். கொஞ்ச நேரம் அப்படியே அழுத்திப் பிடித்திருந்தார். காலை எடுத்தார்.

"மாஸ்டர் சிலிண்டர், பெடல் மிதிச்சா எண்ணெயைத் தள்ளுற சாமான். உள்ள ரப்பர் போயிருக்கு. பம்ப் பண்ணா கல்லு மாதிரி இருக்கும், பிடிச்சுக்கிட்டு இருந்தா இறங்கிடும். ஏர் எடுத்தா தீராது." கையைத் துணியில் துடைத்தார். பிறகு சாதாரணமாக, தொழில்காரன் தொழிலைப் பற்றிக் கேட்கிற மாதிரி, கேட்டார். "ஏர் எடுக்கும்போது உள்ள உக்காந்து மிதிச்சது யாரு?"

அவள் செருப்பு வைத்த பையின் வாயைச் சுருட்டினாள்.

"இல்ல, மிதிச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. கால்லயே தெரியுமே."

ஒரு மாதிரிப் பார்த்தால், அவளுக்கு அதைப் பற்றித் தெரியும் என்று உலகத்தில் ஒரு மனிதர் சொல்லிவிட்டார். அதைச் சொன்ன நேரம் அப்படி.

தம்பி திரும்பினான். "தெரிஞ்சேவா கல்லுன்னு சொன்ன?"

"உன்கிட்டதானேடா முதல்ல சொன்னேன். அடுப்படியில வச்சு சொன்னேனே."

"அது சும்மா பயந்துக்கிட்டு சொல்றன்னு நினைச்சேன். அப்புறம் எல்லார் முன்னாலயும் கல்லு மாதிரின்னு சொன்னது யாரு? நீதானே?"

அவர் ஓட்டுவார் என்று நினைத்தேன், அவர் காலில் இறங்கும் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். சொன்னால் இன்னும் கேவலம். அவள் பேசாமல் நின்றாள். பேசாமல் நிற்பதில்தான் அவளுக்குப் பத்தொன்பது வருட அனுபவம்.

"மாமா காலை எடுத்ததும் நீ. என் பொழப்பை எடுத்ததும் நீ" என்றான் தம்பி. விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்து போனான். நர்ஸுகளை ஏற்றிவிடும் வேலை அதற்குள் வேறொருவனுக்குப் போயிருந்தது. அவன் திரும்பவும் மாமனார் வீட்டு மாடிக்குப் போனான். இவள் போன் செய்தால் அவன் மனைவி எடுத்து, "தூங்குறாரு" என்பாள். காலை பதினோரு மணிக்கும் தூங்குகிறான், மாலை ஐந்து மணிக்கும் தூங்குகிறான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் போன் செய்வதை விட்டுவிட்டாள்.

டாக்டர் வீட்டுக்கு வந்தார். கால் போனதே தவிர வாய் அப்படியே இருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே கதை. "நான் கேட்டேன். எல்லார் முன்னாலயும் கேட்டேன். கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னா. பத்தொன்பது வருஷத்துல ஒரே ஒரு நாள் இவ பேச்சைக் கேட்டேன். பாருங்க நிலைமையை." தையல்காரர் சாட்சி. மருந்துக்கடைக்காரர் சாட்சி. அவள் தேநீர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, அதனால் மறுத்துப் பேசவும் வழியில்லை.

தினமும் காலை ஏழு மணிக்கு அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். அதற்கும் முறை வகுத்துவிட்டார், பழக்கம் போகுமா? அவள் முன்னால் நின்று அவர் அக்குளுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துக் கோத்துக்கொள்ள வேண்டும். அவர் "புடி" என்பார். "புடிச்சுட்டேன்" என்று இவள் சொன்ன பிறகுதான் அவர் கட்டில் சட்டத்தைப் பற்றியிருக்கும் கையை எடுப்பார். அந்த நேரத்தில் அவருடைய மொத்த எடையும் அவள் கையில். நாற்காலியில் உட்கார்ந்ததும் "விடு". "விட்டுட்டேன்." மூன்றாவது வார்த்தைக்கு அங்கேயும் இடமில்லை.

இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தது. ஒரு நாள் காலையில் அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. அவள் அவரைத் தூக்கிப் பிடித்தபடியே காதை அந்தப் பக்கம் கொடுத்தாள். "புடி" என்றது கேட்டது. பதில் சொல்ல விட்டுப்போயிற்று. அவர் கையை எடுக்க முடியாமல் பாதி எழுந்த நிலையில் தொங்கினார்.

"புடிச்சுட்டியா?"

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் அந்த முகத்தில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். இதைப் பார்த்ததில்லை. மேலுதட்டில் வேர்வை. கண் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"புடிச்சுட்டேன்" என்றாள்.

மறுநாள் பால் பொங்கவில்லை. இருந்தாலும் அவள் கொஞ்சம் தாமதித்துத்தான் சொன்னாள். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். அவரைக் கீழே போட்டாளா என்றால், ஒருபோதும் இல்லை. அவள் பிடி இரும்பு. சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் பழகிய கை. மருந்தை நேரத்துக்குக் கொடுத்தாள், புண்ணைத் துடைத்தாள், பார்க்க வந்தவர்கள் இவளைப் போல் யார் செய்வார்கள் என்று சொல்லும்படி செய்தாள். அந்த ஒரு பதிலை மட்டும் தினமும் கொஞ்சம் நீட்டினாள். முதலில் இரண்டு மூச்சு. பிறகு ஐந்து. இப்போதெல்லாம் அவள் முப்பதுவரை எண்ணுகிறாள்.

"புடிச்சுட்டியா? ஏய், கேக்குறேன்ல?"

பதினெட்டு. பத்தொன்பது.

"கை நழுவுது. சொல்லித் தொலையேன்டி. புடிச்சுட்டியா இல்லையா?"

இருபத்தி மூன்று.

"சொல்லும்மா. ஏதாவது சொல்லு. எது வேணாலும் சொல்லு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசேன்."

அவள் அவரை இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அதை அவரிடம் சொல்ல மட்டும் இன்னும் ஏழு எண்ண வேண்டியிருந்தது.